மைனஸ் 27-இல் ஒரு கயிற்றுக் கட்டில்

போன வருடம் மார்கழியில் ஒரு ராத்திரி, இங்கே கனடாவில், கால்கரியில் மணி ஒன்பதரை, மதுரையில் காலை பத்து, அத்தை போன் போட்டார். எடுத்ததும் நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. "ஏத்தா, மாப்பிள்ளைக்கு வேலை போயிருச்சா? வாடகை கட்ட முடியலையா? சீட்டு எடுத்த காசு எங்கிட்டச் சும்மாதான் கெடக்கு, அனுப்பி விடவா?" என்றார். குரல் கம்மியிருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, நான் அனுப்பிய ஒரு படத்தை அம்மா அத்தையிடம் காட்டியிருக்கிறார். படத்தில் எங்கள் பிக்கப் வண்டி, அதன் முதுகில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு மெத்தை, ஒற்றை அடுப்பு, ஒரு குண்டான், சுருட்டி வைத்த போர்வைகள், வெளியே முழங்கால் அளவு பனி. பெரிய சந்தோஷத்தோடு நான் அனுப்பிய படம் அது. மூன்று மாதம் சனி ஞாயிறு பார்க்காமல் நாங்கள் இரண்டு பேரும் அறுத்து, துளைத்து, ஒட்டிக் கட்டிய வண்டி. அது மேலூர் பக்கம் போய்ச் சேரும்போது "பிள்ளை வீடு வாசல் இல்லாம வண்டியில குடியிருக்கு" என்று ஆகிவிட்டது.

"ஆசைப்பட்டுத்தான் அத்தை கட்டுனோம், மலைக்குப் போறப்ப அதுல தங்கிக்கலாம்ல" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "வீடு இருக்கையில வண்டியில போய்ப் படுக்க யாருக்குத்தா ஆசை வரும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. சீட்டுப் பணம் என்பது அத்தை எதற்காகச் சேர்த்தது என்று எனக்குத் தெரியும்.

ஆசை எப்படி வந்தது என்று சொல்லுகிறேன். முதல் இரண்டு குளிர்காலமும் நாங்கள் வீட்டுக்குள்ளேயேதான் கிடந்தோம். டிசம்பரில் இங்கே நாலரை மணிக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் டீக்கடை திறந்திருக்கிற ஊர்க்காரிக்கு நாலரை மணிக்கு ஊரே அடங்குவது நெஞ்சை அடைக்கும். அதே சமயம், வானம் தெளிந்த நாளில் மேற்கே பார்த்தால் ராக்கி மலை வெள்ளை வெளேரென்று தெரியும். ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் மலைக்குள் இருக்கும் பான்ஃப் ஊர். ஒவ்வொரு முறையும் ஓட்டல் அறைக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகாது, கூடாரமெல்லாம் அந்தக் குளிருக்கு நமக்கு ஆகாது. சரி, நம்மிடம் இருக்கிற பிக்கப்பின் மேல் ஒரு வெறும் கூண்டை வாங்கி ஏற்றி, உள்வேலையை நாமே செய்துகொள்வோம் என்று மூன்றாவது வருடம் முடிவெடுத்தோம்.

இந்த விஷயத்தை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர் அப்பாதான். அவர் காசைப் பற்றியோ குளிரைப் பற்றியோ கேட்கவில்லை. "பாரம் எங்கிட்டு விழுது? முன்பாரமா, பின்பாரமா?" என்று கேட்டார். மாட்டு வண்டி ஓட்டினவர் கேட்கிற கேள்வி. பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை நெரிக்கும், முன்பாரம் ஆனால் கழுத்தை அழுத்தும், மூட்டையை அச்சுக்கு நேரே பார்த்துத்தான் அடுக்க வேண்டும். பிக்கப்பிலும் கதை அதேதான். கூண்டின் எடைமையம் பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். பின்னால் போய்விட்டால் முன் சக்கரம் லேசாகி, பனிச் சாலையில் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. எவ்வளவு ஏற்றலாம் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். எங்கள் வண்டிக்கு 1,540 பவுண்டு, 700 கிலோவுக்கு ஒரு முடி குறைவு. ஆட்களின் எடையும் அதற்குள்தான். வெறும் கூண்டு 400 கிலோ, நாங்கள் இரண்டு பேர், அப்புறம் பேட்டரி, மெத்தை, தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், அம்மியளவு பாத்திரத்தைக் கொண்டு போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நிலைமை வந்துவிடும். விற்றவர் "எந்த வண்டிக்கும் தாங்கும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லித்தான் தலையில் கட்டப் பார்த்தார். ஸ்டிக்கரைப் படிக்காமல் யாரும் கூண்டு வாங்காதீர்கள்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. சுவர் முழுக்க ஃபோம் பலகை ஒட்டினோம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பாழாகிவிடும் என்பதால் அதையும் உள்ளேயே வைத்தோம், இன்னொரு பிள்ளை மாதிரி. பியூட்டேன் கேன் அடுப்பு குளிரில் பற்றவே பற்றாது, புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், ஆகவே சமையலுக்கு அதுதான். டயர் விஷயத்தில் பேரம் பேசவே கூடாது. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் போகும் 230 கிலோமீட்டர் மலைச் சாலையில் குளிர்காலத்தில் பெட்ரோல் கிடையாது, பெரும்பாலான இடத்தில் போன் சிக்னலும் கிடையாது. பனி டயரோ சக்கரச் சங்கிலியோ இல்லாமல் குளிர்காலத்தில் அதில் போவது சட்டப்படியே தப்பு. மூன்று சிகரமும் நடுவில் பனிப்பூவும் போட்ட முத்திரை டயரின் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எங்களை அழ வைத்தது ஈரம்.

தை பிறந்த வாரம் பான்ஃப் பக்கத்தில், குளிர்காலத்திலும் திறந்திருக்கும் முகாமில் முதல் ராத்திரி. வெளியே மைனஸ் 27. சின்ன புரொப்பேன் ஹீட்டர் ஒன்றை உள்ளேயே எரித்துச் சூடு பண்ணிவிட்டு, தூங்கப் போகுமுன் அணைத்துவிட்டோம், கார்பன் மோனாக்சைடு பயம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வரும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அது போதாதென்று ராத்திரி முழுக்க இரண்டு பேருடைய மூச்சு, ரசம் வைத்த ஆவி. எல்லாம் போக வழியில்லாமல் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. நடு ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். கூரைப் பலகையில் திருகாணி இருக்கிற இடத்தில் மட்டும் உறைபனி கட்டியிருந்தது. வெளிக் குளிரை அந்த இரும்பு நேராக உள்ளே கடத்திக்கொண்டு வருகிறது. பலகை காய்ந்திருக்க, ஒரே சீராக வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். பதினைந்து புள்ளி, பதினைந்து வரிசை வைத்து அம்மா வாசலில் குனிந்திருக்கிற மாதிரி இருந்தது. அந்தப் புள்ளிகளைக் கோடு போட்டு வளைத்துப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

விடியற்காலை நாலு மணிக்குக் குளிர் தாங்காமல் இவர் ஹீட்டரைப் பற்ற வைத்தார். பத்து நிமிஷத்தில் புள்ளியெல்லாம் உருகி, நெற்றியில் சொட்டென்று ஒரு துளி. அப்புறம் கன்னத்தில் ஒன்று. கண் திறக்குமுன் நான் வைகைக்குப் போய்விட்டேன். சத்தியமாகச் சொல்லுகிறேன், அழகர் வேஷம் கட்டினவர்கள் தோல் பையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர் என்றுதான் நினைத்தேன். எட்டு வயதில் அய்யாவுடைய கூண்டு வண்டியில் சித்திரைத் திருவிழாவுக்குப் போவோம். வண்டிக்குள் வைக்கோல், அதன் மேல் சாக்கு, அதன் மேல் ஜமுக்காளம். அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும், அந்த வெளிச்சத்தில் மாட்டுக் கால் நிழல் பனைமரம் உயரத்துக்கு ரோட்டோரம் நடந்து வரும். அப்பத்தா கட்டுச்சோற்றை மடியில் வைத்துக்கொண்டே தூங்குவார். எதிர்சேவைக்குத் தல்லாகுளம் போய்ச் சேர்ந்து, ராத்திரி வண்டிக்கடியில் படுத்து, விடியுமுன் எழுப்பி ஆற்றுக்குக் கூட்டிப் போவார்கள், அந்தக் கூட்டத்தில் யாரோ பீய்ச்சுகிற தண்ணீர் இப்படித்தான் நெற்றியில் விழும். அப்புறம் கண்ணைத் திறந்தால் மைனஸ் 27.

இப்போதெல்லாம் மைனஸ் 10 என்றால் இன்றைக்குப் பரவாயில்லை என்று சொல்லுகிற அளவுக்கு ஊர் பழகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அந்தத் துளியைத் துடைக்க எனக்குக் கொஞ்ச நேரம் மனசு வரவில்லை.

கால்கரிக்குத் திரும்பியதும் டீசல் ஹீட்டர் போட்டோம். அது எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் ஆவியையும் வெளியிலேயே தள்ளிவிடும், உள்ளே வருவது காய்ந்த சூடு மட்டும். கூரை ஜன்னலை இரண்டு விரற்கடை எப்போதும் திறந்து வைத்தோம். அத்தனை குளிரில் ஜன்னலைத் திறப்பதா என்று இவர் சண்டைக்கு வந்தார். அப்பத்தா அடுப்படியில் புகைக்கூண்டு எதற்கு என்று கேட்டேன், சரி என்றார். கூரை காய்ந்தது. ஆனால் மெத்தை காயவில்லை. வண்டித் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற பலகையில்தான் படுக்கை. மாசி மாதம் ஒரு நாள் மெத்தையைப் புரட்டினால் அடிப்பக்கம் பிழிந்துவிடலாம் போல நனைந்து, கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. உடம்புச் சூட்டில் எழும் ஆவி மெத்தை வழியாக இறங்கி, கீழே சில்லிட்ட பலகையில் தண்ணீராகிவிடுகிறது. ஆசையாக வாங்கிய மெத்தை. குப்பையில் போட்டேன். அன்றைக்கு அப்பாவிடம் போனில் சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா யோசிக்கவே இல்லை. "பலகையில படுத்தா வேர்க்கத்தானே செய்யும். கயித்துக் கட்டில்ல படுத்து யாருக்காச்சும் முதுகு நனஞ்சிருக்கா? அடியில காத்து ஓடணும் தாயி."

சித்திரைக்கு ஊருக்குப் போனோம். வேப்பமரத்தடியில் அப்பா பழைய கட்டில் சட்டத்தை இழுத்துப் போட்டிருந்தார். மேலூர்க் கடையில் வாங்கிய தேங்காய்நார்க் கயிற்றை முதல் நாள் ராத்திரியே தொட்டியில் ஊறப்போட்டு, எடுக்கும்போது அது பதமாக இருந்தது, ஈர மட்டை வாசம். சின்னப் பிள்ளையில் கயிற்றுப் பந்தைப் பிடித்துக்கொண்டு அடியில் கொடுத்து வாங்குவது மட்டும்தான் என் வேலை, பின்ன விட மாட்டார். இந்த முறை அவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பின்னச் சொன்னார். சட்டத்தில் குதிகாலை ஊன்றி, கயிற்றை இரண்டு கையாலும் வெட்டி இழுத்து, தளராமல் பிடித்துக்கொண்டே அடுத்த சுற்றுப் போட வேண்டும். கால்மாட்டில் இரண்டு சாண் விட்டு ஒரு குறுக்குக் கயிறு, அதற்கும் சட்டத்துக்கும் நடுவே முறுக்கி இழுத்துக் கட்டுகிற கயிறு தனி. பின்னல் தொய்ந்தால் அந்த ஒரு கயிற்றை இழுத்தால் போதும், முழுக்கட்டிலும் விறைத்துக்கொள்ளும். எத்தனை வருஷம் அதில் படுத்திருக்கிறேன், அந்த இரண்டு சாண் இடைவெளி எதற்கென்று அன்றைக்குத்தான் புரிந்தது. உள்ளங்கை இரண்டும் கன்றிப்போனது.

அத்தை வந்தார். போனை வாங்கி வண்டிப் படத்தை மறுபடி பெரிசு பண்ணிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நம்ம அய்யா வண்டி மாதிரியில்ல இருக்கு" என்றார். அதற்கப்புறம் காசுப் பேச்சை எடுக்கவில்லை.

ஆறு கிலோ கயிறு பெட்டியில் ஏறியதால் அம்மாவின் பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் பாதி இறங்கின. "கனடாவுல கயிறுகூடவா கெடைக்காது?" என்று அம்மாவுக்கு ஒரே கோபம். கிடைக்கும்தான். கால்கரி விமான நிலையத்தில் அது என்ன என்று கேட்டார்கள். படுக்கை செய்ய என்றேன். தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

ஒரே அகலச் சட்டமாகப் பின்னினால் நடுவில் தொய்ந்து பலகையில் இடிக்கும் என்று, நீளவாக்கில் இரண்டு சட்டமாகச் செய்து பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். தலைக்கு மேலே நாலு விரற்கடை இடம் போனது, உட்காரும்போது கொஞ்சம் குனிய வேண்டும். கயிற்றுக்கும் பலகைக்கும் இடையில் ஒரு சாண் இருக்காது, ஆனால் காற்று ஓட அது போதும். டீசல் ஹீட்டரின் ஒரு குழாயையும் அந்த இடைவெளிக்குத் திருப்பி விட்டோம்.

இந்தக் கார்த்திகையில் அதே முகாமுக்குப் போனோம். மைனஸ் 19. காலை ஏழு மணிக்கு எழுந்ததும் மெத்தையைத் தூக்கி அடியில் கையை விட்டேன். காய்ந்திருந்தது. பலகையிலும் ஈரமில்லை. தேங்காய் நார் வாசம்கூட இன்னும் போகவில்லை. ஊரில் அப்போது ஏழரை, விளக்கு வைத்திருப்பார்கள். அங்கே போன் சிக்னல் கிடைத்தது. வீடியோவில் அப்பாவுக்குக் காட்டினேன். அவர் மெத்தையைப் பார்க்கவே இல்லை.

"அந்தா நடுவுல தொய்யுது பாரு. புதுக்கயிறு அப்படித்தான் விடும். கால்மாட்டுக் கயித்த அவுத்து இழு."

போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சட்டத்தில் குதிகாலை ஊன்றி இழுத்தேன்.

"இன்னும் இழு. இன்னும். ஆங், அம்புட்டுத்தான். முடிச்சப் போடு."