லீவு முடிந்து திரும்பியவர்கள்

2019 பிப்ரவரி 14 அன்று பிற்பகல் மூன்றே கால் மணியளவில், ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் நோக்கிச் சென்ற மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பேருந்து ஒன்றின் மீது, புல்வாமா மாவட்டம் லெத்போராவில், வெடிபொருள் நிரப்பிய காரை ஓட்டி வந்து ஒருவன் மோதினான். 40 வீரர்கள் உயிரிழந்தனர். அரியலூர் மாவட்டத்துக்காரர் ஒருவரும் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் ஒருவரும் அவர்களில் இருந்தனர். ஆண்டுதோறும் அந்த நாள் வந்தால், மூவண்ணக் கொடியும் மெழுகுவர்த்தியுமாக வாட்ஸ்அப் படங்கள் வந்து குவிகின்றன. அவற்றில் பாதி, ‘எல்லைச்சாமிகளுக்கு வீரவணக்கம்’ என்றுதான் தொடங்கும். ஆனால் அவர்கள் எல்லையில் துப்பாக்கியுடன் நின்று இறக்கவில்லை. அவர்களில் பலர் ஊருக்கு வந்து, லீவு முடிந்து, வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்.

அன்று அந்த வரிசையில் 78 வாகனங்களும் 2,500க்கும் மேற்பட்ட வீரர்களும் இருந்ததற்குக் காரணம் பனி. பனிப்பொழிவால் நெடுஞ்சாலை சில நாட்கள் மூடிக்கிடந்ததில், போக வேண்டியவர்கள் எல்லாரும் ஜம்முவில் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்பதை, அதே படையில் பணியாற்றும் என் பெரியப்பா மகன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கிருந்து மூன்று பகல் ரயிலில் கழித்து ஜம்மு முகாமில் போய் இறங்கினால், பாதை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைப் பெயிண்டில் பெயரும் எண்ணும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, பட்டியலில் தன் பெயர் வரும்வரை படுத்திருக்க வேண்டியதுதான். பெரியம்மா சுட்டுக் கொடுத்தனுப்பும் முறுக்கு பட்டாலியனைப் பார்த்ததே இல்லை, ஜம்முவிலேயே தீர்ந்துவிடும் என்பார் அண்ணன்.

அவ்வளவு பேரை ஏன் ஒரே சாலையில் அனுப்பினார்கள் என்ற கேள்வி அன்றே எழுந்தது. தாக்குதல் நடந்து ஒரு வாரத்தில், பிப்ரவரி 21 அன்று, டெல்லி–ஸ்ரீநகர், ஜம்மு–ஸ்ரீநகர் தடங்களில் துணை ராணுவத்தினர் அனைவரும் விமானத்தில் செல்லலாம், லீவில் வந்து போவதற்கும் இது பொருந்தும் என்று உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது. காவலர், தலைமைக் காவலர், உதவி சப்-இன்ஸ்பெக்டர் நிலையில் இருந்த ஏறக்குறைய 7 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு அதுவரை அந்த உரிமை இருக்கவில்லை. ஒரே வாரத்தில் போட முடிந்த ஆணையை முன்பே போட்டிருக்க முடியாதா என்பதற்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைத்ததில்லை.

இந்தப் படை உள்துறையின் கீழ் இருக்கிறது; ராணுவம் பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கிறது. 1939இல், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள நீமச்சில் ஆங்கிலேயர் காலத்துப் போலீஸ் படையாகத் தொடங்கி, 1949இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஊரில் அண்ணனை எல்லாரும் ‘மிலிட்டரிக்காரர்’ என்றுதான் சொல்கிறார்கள், அவரும் திருத்துவதில்லை. வேறுபாடு தெரிவது ஓய்வூதியத்தில். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டபோது முப்படைகளுக்கு விலக்கு கிடைத்தது. துணை ராணுவத்துக்குக் கிடைக்கவில்லை. தாக்குதலில் இறந்தவரின் குடும்பத்துக்கு, அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கு இணையான ஓய்வூதியத்தை அரசு தருகிறது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உயிரோடு திரும்பி வந்தவருக்கு மட்டும் ஏன் வேறு விதி என்பதுதான் புரியவில்லை.

நம் நினைவும் ஏறக்குறைய இப்படித்தான் பாகுபாடு பார்க்கிறது. 2010 ஏப்ரல் 6 அன்று சத்தீஸ்கரின் தண்டேவாடா காட்டில் மாவோயிஸ்டுகள் சுற்றி வளைத்துச் சுட்டதில் இறந்த 76 பேரில் 75 பேர் இதே படையைச் சேர்ந்தவர்கள். புல்வாமாவைவிட ஏறத்தாழ இரு மடங்கு உயிரிழப்பு. அந்தத் தேதியில் எனக்கு ஒரு படம்கூட வந்ததில்லை. கொன்றவர்களுக்குப் பின்னால் எல்லைக்கு அப்பால் யாரும் இல்லாததால், கோபத்தை எங்கே வைப்பது என்று நமக்குத் தெரியவில்லை போலும்.

துணை ராணுவப் படைகளும் ஒன்றியத்தின் ஆயுதப் படைகளே, அவர்களுக்கும் பழைய ஓய்வூதியம் உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அன்று மாலை அண்ணன் தானாகவே அழைத்து அரை மணி நேரம் பேசினார். வழக்கமாக இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசுகிறவர் அல்லர். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது, அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அண்ணன் 2006இல் சேர்ந்தவர். இருபது ஆண்டு முடிந்ததும் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டு வந்துவிடுங்கள் என்கிறார் மதினி. வந்தால் மாதம் எவ்வளவு கையில் நிற்கும் என்று அவர்கள் இருவரும் இப்போது நோட்டில் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.