சுண்டெலிக் கருவை ப்ளாஸ்டோசிஸ்ட் வரை வளர்க்கப் பழகுதல்

இனப்பெருக்க உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வருபவர்களை எங்கள் ஆய்வகத்தில் முதலில் ஒரே வேலையில்தான் உட்கார வைக்கிறோம்: எந்த மருந்தும் மரபணு மாற்றமும் படாத சுண்டெலிக் கருவை ஒரு செல்லிலிருந்து ப்ளாஸ்டோசிஸ்ட் (கருப்பையில் பதியும் முன் உள்ளே குழிவுள்ள பந்தாக மாறிய கரு) வரை வளர்த்துக் காட்ட வேண்டும். நூற்றுக்கு எண்பதாவது தேறாதவரை சொந்தச் சோதனை கிடையாது. கட்டுப்பாட்டுக் கருக்களே செத்துக்கொண்டிருந்தால், எந்த முடிவையும் நம்ப முடியாது.

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஊசி போடும் பயிற்சியும் முடிந்திருக்க வேண்டும். பெண் எலிக்கு மதியம் 5 யூனிட் பிஎம்எஸ்ஜி (முட்டைகளை வளரச் செய்யும் ஹார்மோன்), 46 முதல் 48 மணி நேரம் கழித்து 5 யூனிட் எச்சிஜி (அவற்றை வெளியேறச் செய்யும் ஹார்மோன்) ஊசி. உடனே ஆணுடன் சேர்க்க வேண்டும். எச்சிஜி தாமதமானால் எலியின் உடலே சுரக்கும், முட்டையை வெளியேற்றும் ஹார்மோனான எல்எச் முந்திக்கொள்ளும். முட்டை எண்ணிக்கை குறைந்து, நேரக் கணக்கும் குழம்பும். மறுநாள் காலையிலேயே யோனி அடைப்பை (இணைசேர்ந்ததற்கு அடையாளமான கெட்டித் துண்டு) பாருங்கள், பிறகு விழுந்துவிடும்.

வளர்ப்புத் தட்டை முந்தைய மாலையே தயாரித்துவிடுங்கள். கேஎஸ்ஓஎம் (கரு வளர்க்கும் திரவ ஊடகம்) துளிகள், மேலே மினரல் ஆயில், 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. இரவு முழுக்க இன்குபேட்டரில் இருந்தால்தான் அமிலத்தன்மை சரியாகும்.

அடைப்பு இருந்த எலியிலிருந்து எடுத்த அண்டக்குழாயில் உப்பித் தெரியும் பகுதியான ஆம்புல்லாவை நுனி இடுக்கியால் கிழித்தால் கருக்கள் கொத்தாக வெளியே வழியும். ஒரு மில்லிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஹயலுரோனிடேஸ் என்ற நொதியில், கருவைச் சுற்றி ஒட்டியிருக்கும் க்யூமுலஸ் செல்கள் சில நிமிடங்களில் உதிரும். புதியவர்கள் கருவைக் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான்: கடைசிச் செல்லும் உதிரட்டும் என்று காத்திருக்கிறார்கள். பெரும்பகுதி உதிர்ந்ததுமே எடுத்து எம்2-வில் (வெளிக்காற்றில் கருவைக் கையாள்வதற்கான ஊடகம்) மூன்று நான்கு துளிகள் மாற்றிக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் மிச்சம் பிப்பெட்டில் ஏறி இறங்கும்போதே போய்விடும். மைக்ரோஸ்கோப் மேசை சூடாக இருக்கட்டும். கேஎஸ்ஓஎம் வெளிக்காற்றில் சீக்கிரம் காரமாகிவிடும் என்பதால் கையாள எம்2 மட்டுமே.

எல்லாமே இரண்டு செல்லில் நின்றால் ஊடகத்தையும் எலி வகையையும் சந்தேகியுங்கள். சுண்டெலியில் கருவின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் இயங்கத் தொடங்கும் கட்டம் அது. பழகுவதற்கு எஃப்1 கலப்பின எலிகளே (இரு வேறு தூய வகைகளைச் சேர்த்துப் பிறந்த முதல் தலைமுறை) நல்லது. ஊடகம் பழசானால் குளூட்டமின் சிதைந்து அம்மோனியம் சேரும். ஊடகம் புதிதாக இருந்தும் எல்லாத் தட்டுகளிலும் கரு சாகிறதென்றால் ஆயிலைப் பாருங்கள். வெளிச்சத்தில் இருந்த ஆயிலில் பெராக்சைடு உருவாகும். ஒவ்வொரு புதிய புட்டியையும் முதலில் உபரிக் கருக்களில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனை தொடங்கியபின், அன்றைக்குக் கிடைத்த எல்லாத் தாய்களின் கருக்களையும் கலந்து, குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரியுங்கள். புள்ளியியலில் தனித்தனிக் கருவை எண்ணாமல், ஒவ்வொரு நாள் சோதனையையும் ஓர் அலகாகக் கொள்ளுங்கள்.