விசா கிடைத்த பிறகு: அந்த முதல் 28 நாள்

இங்கிலாந்தில் அகதி அந்தஸ்து கிடைத்ததென்று போன் எடுப்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, அகதி வழக்கு நடக்கும்போது ஹோம் ஆபீஸ் (உள்துறை அமைச்சு) தந்த வீடும் கொடுப்பனவும் எந்தத் திகதியோடு நிற்கின்றன என்பதைத்தான். வழமையில் 28 நாள். இடையில் 56 ஆக்கினார்கள், பிறகு பலருக்குக் குறைத்தார்கள். ஆகவே கூட இருந்தவர் சொல்லும் கணக்கை விட்டுவிட்டு உங்கள் கடிதத்தைப் பாருங்கள்.

யுனிவர்சல் கிரெடிட்டுக்கு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரச பெனிபிட், அதாவது உதவிப்பணம்) உடனே பதியுங்கள். ஒரு மாதம் கணக்குப் பார்த்து, மேலும் ஏழு நாள் கழித்துத்தான் முதல் காசு வரும். 28 நாள் கணக்கென்றால், அது வீடு போன பிறகு! முற்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன், மாதாமாதம் கழிப்பார்கள். நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் (வேலைக்கும் பெனிபிட்டுக்கும் ஒருவருக்குத் தரும் எண்) இன்னும் வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம். எங்கள் ஆட்களுக்கு அதிகம் இழுபடுவது பெயரில்தான்: ஈ-விசாவில் (இணையத்தில் உள்ள விசாப் பதிவு) தகப்பன் பெயர் முன்னால், வங்கியில் பின்னால். முதலில் அதை ஒன்றாக்குங்கள்.

இந்த இடைவெளியில்தான் வடக்கே மிடில்ஸ்பரோவில் இருந்தவர் லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்கோ ஹரோவுக்கோ பஸ் ஏறுகிறார். சோம்பலில் அல்ல, அங்கேதான் ஒரு மச்சான் இருக்கிறார். ஆனால் சட்டப்படி, கடைசியாக ஹோம் ஆபீஸ் வீடு தந்த ஊரோடுதான் உங்களுக்கு 'உள்ளூர்த் தொடர்பு', அதாவது வீட்டு உதவியை எந்த ஊர்க் கவுன்சிலிடம் (உள்ளூராட்சி மன்றம்) கேட்பது என்பதற்கான தொடர்பு. லண்டன் கவுன்சில் உங்களை அங்கேயே திருப்பிவிடலாம். பெற்றோரோ சகோதரமோ ஐந்து வருடமாக அங்கே இருந்தால், அல்லது வேலை இருந்தால் வாதாடலாம். மச்சான் உறவு எடுபடுவது கஷ்டம். வீடு போக முன்னரே, இருக்கும் ஊர்க் கவுன்சிலில் பதிவதே நல்லது. 56 நாளுக்குள் வீடிழக்கப் போகிறவருக்கு உதவுவது அவர்கள் கடமை.

லண்டனில் கிடைக்கும் அறையின் சிக்கல் வேறு. 'அக்ரிமென்ட் தரமாட்டேன், பெனிபிட்டுக்குப் போடாதே' என்பார் வீட்டுக்காரர். பேப்பர் இல்லாமல் பெனிபிட்டில் வாடகைப் பணம் எடுப்பது பெரும்பாடு. 35 வயதுக்குக் குறைந்த தனியாளுக்குப் பொதுவாகப் பகிர்வு அறைக்கான தொகை மட்டும்தான். பிறகு கையில் காசு தரும் கடை வேலை. பே-சிலிப் (சம்பளச் சீட்டு) இல்லாததால் வேறு எங்கும் வீடு எடுக்க முடியாது. அதே தெருவில் வருடங்கள் போகும்.

வேலைக்குப் போனால் பெனிபிட் முழுதாய் நின்றுவிடும் என்பதும் பிழை. பிள்ளை இல்லாத, சுகமான ஒருவருக்குக் கையில் வரும் ஒவ்வொரு பவுனுக்கும் 55 பென்ஸ் குறையும், அவ்வளவுதான்.

கவுன்சில் வீட்டு உதவியை மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். முடிவை எழுத்தில் வாங்குங்கள். மறுபரிசீலனை கேட்க 21 நாள் இருக்கிறது.