ஜாங்கோவில் கஸ்டம் ஃபீல்டுகள்: டேட்டா ஓரிடம், விளக்கம் ஓரிடம்

லேப்டாப்புக்கு ரேம், சட்டைக்கு அளவு என்று பொருளுக்குப் பொருள் விவரம் மாறும்போது, அத்தனைக்கும் டேபிளில் தனித்தனி காலம் (column, நெடுவரிசை) போட முடியாது. பைத்தானில் வெப்சைட் கட்டும் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில், கீ-மதிப்பு ஜோடிகளை ஒரே காலத்தில் வைக்கும் ஜேசான்ஃபீல்டு (JSONField) 3.1 முதல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு நிற்காமல் மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, எஸ்க்யூலைட், ஆரக்கிள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. மதிப்புகளை அதில் போடுங்கள். எந்தக் கீ (விவரத்தின் உள்பெயர்), என்ன டைப், திரையில் என்ன பெயர், கட்டாயமா என்பதையெல்லாம் தனி விளக்க டேபிளில் வையுங்கள். இந்த இரண்டாவது டேபிள் இல்லாத ஜேசான் காலம் போகப்போகக் குப்பையாகிவிடும்.

மாடலில் டிஃபால்ட்டாக டிக்ட் (dict) என்ற பெயரை மட்டும் கொடுங்கள். வெற்று டிக்ஷனரியையே, அதாவது {} என்று, எழுதிவிட்டால் எல்லா ஆப்ஜெக்ட்களும் அந்த ஒன்றையே பகிர்ந்துகொள்ளும். ஜாங்கோவின் செக் இதை எச்சரிக்கும். தேதியும் டெசிமலும் சேமிக்க ஜாங்கோஜேசான்என்கோடர் (DjangoJSONEncoder) வேண்டும். ஆனால் திரும்பப் படிக்கும்போது அவை வெறும் ஸ்ட்ரிங்காகவே (எழுத்துத் தொடராகவே) வரும். விளக்க டேபிளில் உள்ள டைப்பைப் பார்த்து நீங்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

திருத்தும் இடத்தில்தான் அதிகம் கெடுகிறது. ஜாங்கோவின் தயார்நிலை நிர்வாகப் பக்கமான அட்மின் தருவது ஒரு டெக்ஸ்ட்ஏரியா (வெறும் எழுத்துப் பெட்டி). அதில் ஒருவர் ரேமுக்கு 16 என்பதை மேற்கோள் குறிக்குள் எழுதினால் அது ஸ்ட்ரிங். போஸ்ட்கிரெஸ் ஜேசானைச் சேமிக்கும் ஜேசான்பி (jsonb) டைப்பின் ஒப்பீட்டு வரிசையில் ஸ்ட்ரிங் எப்போதும் எண்ணுக்குக் கீழே; ஆகவே '8 அல்லது அதற்கு மேல்' என்று தேடினால் அந்த லேப்டாப் வரவே வராது, எரரும் வராது. இதனால் ஃபார்மின் இனிட்டில் (__init__) விளக்க டேபிளைப் படித்து, எண்ணுக்கு இன்டிஜர்ஃபீல்டு, தேதிக்கு டேட்ஃபீல்டு என்று உருவாக்குங்கள். சேவ் செய்யும்போது பழைய டிக்ஷனரியின் மேல், ஃபார்ம் சரிபார்த்த மதிப்புகளான கிளீன்ட்டேட்டாவை (cleaned_data) அப்டேட் செய்யுங்கள். மொத்தமாக மாற்றி வைத்தால், இப்போது ஃபார்மில் காட்டாத கீகளின் மதிப்பு சத்தமில்லாமல் போய்விடும்.

இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் கடைசியாகச் சேவ் செய்தவரின் டிக்ஷனரிதான் நிற்கும், ஏனென்றால் எழுதப்படுவது முழு காலம். சேவ் செய்யும் வியூவில் அட்டாமிக் பிளாக்குக்குள் (ஒரே டிரான்சாக்ஷனுக்குள்) ரோவை லாக் செய்யும் செலக்ட்ஃபார்அப்டேட் (select_for_update) போட்டு அதை மறுபடி படித்து, பயனர் உண்மையில் மாற்றிய கீகளை மட்டும் அதன் மேல் சேருங்கள். எவை மாறின என்பதை ஃபார்மின் சேஞ்ச்ட்டேட்டா (changed_data) சொல்லும்; ஆனால் ஃபீல்டுகளில் ஷோஹிடன்இனிஷியல் (show_hidden_initial) போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அது பயனர் பார்த்த மதிப்போடு அல்ல, சேவ் நேரத்தில் படித்த மதிப்போடு ஒப்பிடும். எஸ்க்யூலைட்டில் இந்த லாக் வேலை செய்யாது.

கீக்குச் சிறிய ஆங்கில எழுத்துகளும் ஒற்றை அடிக்கோடும் போதும். இடைவெளியோ ஹைஃபனோ இருந்தால் ஃபில்டரில் நேரடியாக எழுத முடியாது. திரைப்பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கீயை மாற்றினால், ஏற்கெனவே சேமித்த ரோக்களையும் மாற்றும் டேட்டா மைக்ரேஷன் எழுதியே ஆகவேண்டும்.

தேடல் மெதுவானால் போஸ்ட்கிரெஸில் ஜின் (GIN) வகை இண்டெக்ஸ் போடலாம். ஆனால் காலம் முழுவதற்கும் போட்ட ஜின், கன்டெயின்ஸ் (contains), ஹேஸ்கீ (has_key) போன்ற தேடலுக்குத்தான் உதவும். கீ பெயரை இரட்டை அடிக்கோட்டில் எழுதும் ஃபில்டர் அதைத் தொடாது. பொருந்துபவற்றைத் தவிர்க்கும் எக்ஸ்குளூடிலும் (exclude) கவனம் வேண்டும்: அந்தக் கீயே இல்லாத ரோக்களை அது திருப்பித் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கீ இல்லாதவற்றைத் தேட இஸ்நல் (isnull), கீ இருந்து மதிப்பு null ஆக இருப்பவற்றைத் தேட நன் (None). எல்லா ரிப்போர்ட்டிலும் ஒரு கீ வந்துகொண்டே இருந்தால், அதை உண்மையான காலமாக்கிவிடுங்கள்.