தண்ணீர் குடிக்காத இரவுகள்

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, மதுரையில் அரசு மருத்துவமனையில் 19 நாள் இருந்தோம். அம்மாவுக்கு 71 வயது. கனத்த உடம்பு. சர்க்கரையும் உண்டு.

பெண்கள் வார்டில் இரவில் ஆண்கள் தங்க முடியாது. அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது அண்ணன்தான், ஆனால் எட்டு மணியானால் அவர் வெளியே போய்விட வேண்டும். வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு மணிக்கொரு தரம் போன் செய்வார். உள்ளே தங்க இருந்தது இரண்டே பேர்: நானும் மதினியும். நாங்கள் இரண்டு பேரும் ஆறு வருடமாக முகம் பார்த்துப் பேசிக்கொண்டதில்லை.

காரணம் என் மகளின் காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் ஊரே நின்று எண்ணும். தட்டு எத்தனை, கிடா எத்தனை என்று. அண்ணன் கொண்டுவந்தது பதினோரு தட்டும் ஒரு கிடாயும். என் மாமியார் வீட்டு ஆட்கள் முன்னால் எனக்குத் தலைகுனிவாக இருந்தது. "ஒத்தக் கிடாயோட வந்து நிக்கிறாங்க, எல்லாம் மதினி பண்ற வேலை" என்று பந்தியில் வைத்தே சொன்னேன். அது மதினி காதுக்குப் போனது. அன்றோடு பேச்சு நின்றது.

ஆகவே வார்டில் முறை வைத்துக்கொண்டோம். ஒருநாள் நான், ஒருநாள் அவர். காலை ஏழு மணிக்கு அவர் ஒயர்கூடையோடு வருவார், நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். அட்டெண்டர் பாஸைக் கட்டில் மேல் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். கைக்குக் கை கூடக் கொடுத்ததில்லை.

அறுவை சிகிச்சை உடனே நடக்கவில்லை. அம்மா இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். அதை நிறுத்தி ஐந்து நாளாவது ஆக வேண்டும், சர்க்கரையும் இறங்க வேண்டும் என்றார்கள். அதுவரை காலில் கட்டுப் போட்டு 3 கிலோ எடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். எழுந்து உட்கார முடியாது. எல்லாமே படுக்கையில்தான், பெட்பேன் வைத்துத்தான்.

நான்காம் நாள் காலை அம்மாவின் தண்ணீர் பாட்டிலைக் கழுவ எடுத்தேன். முந்தின இரவு மதினி முறை. நிரப்பி வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. இரண்டு நாளுக்கு முன்னாலும் அப்படித்தான் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. மருமகள் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அண்ணனிடம் சொல்லப் படியிறங்கப் போனேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவ குடுத்தா. நாந்தான் குடிக்கல."

"ஏம்மா?"

"குடிச்சா ஒன்னுக்கு வரும்ல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மகள் அள்ளிப் போட்டால் பரவாயில்லை, மருமகளிடம் அந்தக் கடன் படக்கூடாது என்று ராத்திரி முழுக்க நாக்கு வறளக் கிடந்திருக்கிறார். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவதைப் பார்த்து நர்ஸ் சத்தம் போட்டார், இந்த வயதில் தண்ணீர் குறைந்தால் கிட்னிக்கு ஆகாது என்று. அதை மதினியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆறு வருடத்துக்கு அப்புறம் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு சிறுநீரைப் பற்றியது.

மதினி நேராக அம்மா தலைமாட்டில் போய் நின்றார். "அத்தை, சின்னவன் பொறந்தப்ப எனக்கு ஆபரேசன் பண்ணி எட்டு நாளு கெடந்தேன். எங்கம்மாவுக்கு மஞ்சக்காமாலை, வர முடியல. யாரு அள்ளுனது? நீங்கதானே. அன்னிக்கு நான் தண்ணி குடிக்காமயா இருந்தேன்?" என்று டம்ளரை வாயருகே கொண்டுபோனார். அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், குடித்தார்.

அந்த எட்டு நாள் எனக்குத் தெரியாது. நான் அப்போது கட்டிக்கொடுத்துப் போன ஊரில் இருந்தேன். இவர்கள் இருவருக்கும் இடையில் சண்டை மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன், ஏனென்றால் போனில் எனக்கு வந்தது சண்டை மட்டும்தான்.

எட்டாம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது. இடுப்பு மூட்டில் பந்து போல இருக்கும் எலும்பு முனையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். செலவு முதலமைச்சர் காப்பீட்டில் போனது. அம்மா பெயர் அண்ணன் குடும்ப அட்டையில் இருந்தது. ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் என்ற சான்று, ஆதார், அட்டை என்று அத்தனையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தவரும் மதினிதான். ரத்தம், ஸ்கேன், மருந்து என்று ஓடியது அண்ணன். சித்தி, பெரியம்மா, பங்காளி வீட்டு ஆட்கள் சாத்துக்குடியோடு வந்து, "மகன்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லிப் போனார்கள். அண்ணன் அலைந்தது உண்மை. ஆனால் பெட்பேன் கழுவியவரைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்கு வலித்தது. சொல்லாதவர்கள் வரிசையில் ஆறு வருடம் நானும்தானே நின்றேன்.

அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். இந்தக் கனத்தை ஒருத்தியால் திருப்ப முடியாது. "ரெண்டு பேருமே இருந்துக்கங்க" என்று நர்ஸ் அனுமதித்தார். அவரே சொல்லியும் கொடுத்தார். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை நாலாக மடித்து முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் விரித்திருந்தோம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மதினி. சேலையின் ஓரத்தை அம்மாவின் உடம்பை ஒட்டி வரும்வரை சுருட்டி முஷ்டியில் பிடித்துக்கொள்ள வேண்டும். கால்கள் ஒன்றன் மேல் ஒன்று போகக்கூடாது என்பதால் நடுவில் தலையணை. "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று மதினி எண்ணுவார். அவர் இழுக்க, நான் தாங்க, அம்மா அப்படியே சாய்வார். யாராவது அரை நொடி பிந்தினால் அம்மா "ஆத்தாடி" என்று அலறிவிடுவார். முதல் இரவு மூன்று தடவை அலறினார். மூன்றாம் இரவு தூக்கம் கலையாமலே திரும்பினார்.

ஒரு திருப்பலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு இரவு, மணி இரண்டு இருக்கும், மதினி என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அந்தக் கிடா வாங்குனது இல்ல. நான் குட்டியில இருந்து வளர்த்தது. அந்த வருசம் போர் போட்டுத் தண்ணி வரல, கையில காசு இல்ல. அதான் அதைப் புடிச்சுக் குடுத்தேன்."

"நான் பேசுனது தப்பு மதினி" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நேரமாச்சு, திருப்பிருவோம்" என்று எழுந்தார்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அம்மா என் வீட்டுக்கு வர ஆசைப்பட்டார். நான் இருப்பது வாடகை வீடு, மாடி. வாக்கர் வைத்து நடக்கிறவரை எப்படி ஏற்றுவது? அண்ணன் வீட்டுக்கே போனார். அம்மாவைத் திரும்பவும் மதினி தலையில் கட்டிவிட்டு வந்தது போல எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மறுமாதம் இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு அங்கே போய் இருந்தேன். மதினி அந்த இரண்டு வாரமும் தன் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தார். அங்கே ராத் தங்கி ஐந்து வருடம் ஆகிவிட்டதாம்.