வலைக்காரர்கள் பார்த்த சிசிலி

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பாம்பனில் எங்கள் திரைப்பட வட்டத்துக்கு இப்போது நல்ல கூட்டம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில்தானே!

நேற்று இத்தாலிய இயக்குநர் விஸ்கோன்டியின் ‘லா டெர்ரா ட்ரெமா’ படம். 1948இல் சிசிலித் தீவின் ஆச்சி ட்ரெஸ்ஸா என்ற மீனவக் கிராமத்தில் எடுத்தது. நடித்தவர்கள் அவ்வூர் மக்களே. வியாபாரிகள் வைத்த விலைக்கே மீனைக் கொடுத்துச் சலித்த ஒரு குடும்பம், வீட்டை அடமானம் வைத்துச் சொந்தத் தொழில் தொடங்குகிறது. நெத்திலியை உப்பிட்டுப் பீப்பாய்களில் அடுக்கும் வரை எல்லோர் முகத்திலும் சிரிப்பு. பிறகு புயலில் படகு சிதைந்துபோகிறது.

விளக்கைப் போட்டதும் ஒரு பெரியவர் பொரிந்து தள்ளினார்: “காற்றைப் பார்க்காமல் கடலுக்குப் போவானா ஒருத்தன்? படம் எடுத்தவருக்குக் கடல் தெரியவில்லை.” பின்வரிசையில் இருந்த மீன் விற்கும் அக்கா விடவில்லை. “கடன்காரன் காற்று அடங்கும்வரை காத்திருப்பானா அண்ணே?” அப்புறம் பேச்சு சினிமாவில் நிற்கவில்லை, முன்பணம் தந்த வியாபாரிக்கே மீனைப் போடவேண்டிய கதைகள் ஒவ்வொன்றாக வந்தன. நீளமான காட்சிகளின் அழகைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த குறிப்பை யாரும் கேட்கவில்லை. நல்லதுதான்.

அடுத்து ஃப்ளாஹர்ட்டி அயர்லாந்தின் ஆரன் தீவுகளில் எடுத்த ஆவணப்படம் ‘மேன் ஆஃப் ஆரன்’ (1934). அதில் வரும் சுறா வேட்டை, அங்கே வழக்கொழிந்த பிறகு படத்துக்காகவே மறுபடி கற்றுக்கொடுத்துச் செய்யவைத்தது. அந்தப் பெரியவரைக் கட்டாயம் அழைத்து வரவேண்டும். நாற்காலிகள் குறைவு, பாய் கொண்டு வாருங்கள்.