மாசி வளர்பிறை அஷ்டமி: சிட்டாங் ஆற்றங்கரையில் ஒரு திதியைத் தேடி

எங்கள் ஆயாவின் (பாட்டியின்) தகரப் பெட்டியில், பழைய பட்டுத் துணி ஒன்றில் சுற்றிய ஆறு முனை நட்சத்திரம் ஒன்று இருந்தது. அதன் நாடாவில் நடுவே அகலமான சிவப்புப் பட்டை. அதற்கு இருபுறமும் கருநீலம். ஒவ்வொரு நீலத்தின் நடுவிலும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. வட்டத்தைச் சுற்றி ஆங்கிலத்தில் 'பர்மா ஸ்டார்' என்று பொறித்திருந்தது. 1941 டிசம்பர் 11-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில் பர்மா போர்முனையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பதக்கம் அது. "எங்க அப்பாவைக் குடுத்துட்டு இதை வாங்கினோம்" என்று ஆயா சொல்லுவார்.

குடியாத்தத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் அது இன்றும் 'பட்டாளத்துக்காரர் வீடு'தான். ஆயாவின் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் சேர்ந்து, பெங்களூர் அல்சூரில் பயிற்சி முடித்து, ஆயா பிறந்த 1941-இல் கப்பலேறிப் போனவர். அடுத்த ஆண்டு வந்த தந்தியில் 'காணவில்லை' என்று மட்டும் இருந்ததாம். இறந்துவிட்டார் என்று அதில் இல்லை. அதனால் கொள்ளுப்பாட்டி தாலியைக் கழற்றவில்லை. பின்னால் பென்ஷன் வரத் தொடங்கியபோதுகூட, அதை அவர் கணவர் அனுப்பும் பணமாகவே எண்ணி வாங்கினார் என்று ஆயா சொல்லுவார். 1979-இல் இறந்தபோது பொட்டும் மஞ்சளுமாகத்தான் அவரைக் கொண்டுபோனார்கள். அதுவரை ஒவ்வொரு புரட்டாசி அமாவாசைப் படையலிலும் இறந்தவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்தபோது, ஆயாவின் அப்பாவை மட்டும் யாரும் அழைக்கவில்லை. அவர் இறந்தவர் என்று ஒப்புக்கொள்ள வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை. திதி கொடுக்கவும் ஒரு தேதி இல்லை. 'கூப்பிடாமலே விட்டுட்டோமே' என்பது ஆயாவின் வாழ்நாள் வருத்தமாகவே இருந்தது. என் பயணம் தொடங்கியது அந்த வருத்தத்திலிருந்துதான்.

இரண்டு உலகப் போர்களிலும் இறந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினரின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரித்து வருகிறது. 1917-இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் பதிவுகளை இணையத்தில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். ஆனால் தமிழ்ப் பெயரைத் தேடுவது எளிதல்ல. நம் பெயர்களைக் காதில் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதிய காலம் அது; முனுசாமி என்ற ஒரே பெயரை ஐந்தாறு விதமாக எழுத முடியும். பெயரை வைத்துத் தேடித் தேடி மூன்று மாதங்கள் வீணான பிறகு, மெட்ராஸ் படைவீரர்கள் பலருடைய பதிவுகளின் கீழே 'இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர், வட ஆற்காடு' என்று ஒரு வரி இருப்பதைக் கவனித்தேன். அதன் பிறகு ஊர்ப் பெயரை வைத்துத் தேடினேன். ஓர் இரவு, எங்கள் ஊரின் பெயரும் அதற்கு முன்னால் எழுத்துகள் கொஞ்சம் புரண்ட நிலையில் கொள்ளுப்பாட்டியின் பெயரும் திரையில் வந்து நின்றன. இறந்த நாள்: 23 பிப்ரவரி 1942. நினைவிடம்: ரங்கூன் நினைவுச் சின்னம். இதே தேடலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பெயரை விட்டுவிட்டு ஊரைத் தேடுங்கள், ஊருக்கும் தாலுகாவுக்கும் எத்தனை விதமான எழுத்துக்கூட்டல் தோன்றுகிறதோ அத்தனையையும் போட்டுப் பாருங்கள்.

2019 டிசம்பரில் கொல்கத்தா வழியாக, அன்றைய ரங்கூனான யாங்கோன் போய்ச் சேர்ந்தேன். 1871-இல் தமிழர்கள் கட்டிய காளி கோவிலுக்கு முதல் நாள் மாலை போனேன். குருக்களிடம் வந்த காரியத்தைச் சொன்னதும், எதுவும் கேட்காமல் ஒரு பொட்டலத்தில் எள்ளைக் கட்டிக் கொடுத்தார்.

தவுக்யான் போர்க் கல்லறைத் தோட்டம் நகரிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அக்யாப், மாண்டலே, மெய்க்டிலா, சாமா ஆகிய நான்கு இடங்களில் இருந்த போர்க்கள இடுகாடுகளிலிருந்து உடல்களைக் கொண்டுவந்து, 1951-இல் அமைத்த தோட்டம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் மட்டும் 6,374. அவற்றைத் தாண்டி நடுவே நிற்கிறது ரங்கூன் நினைவுச் சின்னம்: நடுவில் திறந்த வட்ட மண்டபம், அதன் இருபுறமும் நீண்டு செல்லும் தூண் வரிசைகள். உடல் கிடைக்காத, கல்லறை இல்லாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. சக வீரர்களுக்குக் கிடைத்த வழக்கமான இறுதிச் சடங்குகள் போரின் விதியால் இவர்களுக்கு மறுக்கப்பட்டன என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் படித்தபோது என்னால் மேலே நடக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் எழுபத்தேழு ஆண்டுகளாக எவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை யாரோ கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெயர்கள் படைப்பிரிவு வாரியாகவும், அதற்குள் பதவி வாரியாகவும் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. மெட்ராஸ் சாப்பர்களின் வரிசையை அடைந்ததும், ஆங்கில எழுத்துகளுக்குள் இருந்து நம் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைப் போலிருந்தது: முனுசாமிகள், கோவிந்தசாமிகள், பெருமாள்கள், மாரிமுத்துகள். இந்தப் படையினரை மற்றப் படைகள் 'தம்பி' என்றுதான் இன்றும் அழைக்கின்றன. ஆயாவின் அப்பாவின் பெயர் என் தோள் உயரத்தில் இருந்தது. ஒரு தாளை அதன் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தேன். கருமைக்குள் எழுத்துகள் வெள்ளையாகத் தோன்றின. முதல் எழுத்தின் விளிம்பில் கல் சற்றுச் சிதைந்திருந்த இடம்கூடத் தாளில் பதிந்தது. அவருடைய பெயரை மூன்று முறை உரக்கச் சொன்னேன். தோட்டக்காரர் ஒருவர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டு, நான் முடிக்கும் வரை தள்ளி நின்றார்.

மறுநாள் பெகு வழியாகச் சிட்டாங் ஆற்றுக்குப் போனோம். 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை துரத்த, 17-ஆவது இந்திய டிவிஷன் பிலின் ஆற்றிலிருந்து பின்வாங்கி, புழுதிச் சாலையில் குடிக்கத் தண்ணீருமின்றி இந்த ஆற்றை நோக்கி வந்துகொண்டிருந்தது. கடக்க இருந்தது ஒரே ஒரு ரயில் பாலம். தண்டவாளத்தின் மேல் பலகைகளைப் பரப்பி அதில் லாரிகளை ஓட்டினார்கள். எதிரி கையில் சிக்கக்கூடாது என்று ஆற்றிலிருந்த சம்பான் படகுகளை ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தார்கள். 23-ஆம் தேதி, திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பிரிட்டிஷ் தரப்பின் உத்தரவிலேயே பாலம் தகர்க்கப்பட்டபோது, டிவிஷனின் மூன்று பிரிகேடுகளில் (படைப்பிரிவுகளில்) இரண்டு கிழக்குக் கரையிலேயே இருந்தன. அரை கிலோமீட்டர் அகல ஆற்றை மூங்கிலையும் தகர டப்பாக்களையும் பிடித்துக்கொண்டு நீந்தினார்கள். மறுநாள் மேற்குக் கரையில் எண்ணியபோது காலாட்படையில் எஞ்சியிருந்தவர்கள் 3,484 பேர். அவர்களிடம் இருந்த துப்பாக்கிகள் 1,420. இரண்டே வாரங்களுக்குள், மார்ச் 8-இல் ரங்கூன் விழுந்தது.

அந்த உத்தரவு சரியா தவறா என்று படைத்துறை வரலாற்றாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். கிழக்குக் கரையில், மொக்பாலின் பக்கம் நின்று பார்த்த எனக்கு அந்த விவாதத்தில் மனம் செல்லவில்லை. ஆறு செம்பழுப்பாக, அவசரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாலாற்றங்கரையில் வளர்ந்தவருக்கு, ஆண்டில் பாதி நாள் மணலை மட்டுமே பார்த்தவருக்கு, இவ்வளவு தண்ணீரில் நீந்தத் தெரிந்திருக்குமா என்ற ஒரே கேள்விதான் எனக்குள் இருந்தது. குருக்கள் கொடுத்த எள்ளைத் தண்ணீரோடு கையில் எடுத்து, அவர் பெயரையும் அவருடைய அப்பாவின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லி ஆற்றில் விட்டேன்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். காணாமல் போனவர்களுக்குப் பதிவேட்டில் எழுதப்படும் தேதி, அவர் கடைசியாகக் கணக்கில் இருந்த நாளை ஒட்டியதாகவும் இருக்கலாம். அவர் அன்றே இறந்தாரா, அடுத்த நாளா என்பதற்குச் சாட்சி யாருமில்லை. திரும்பி வந்ததும் இதை ஆயாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு நாளுன்னு இருந்தாப் போதும்டா" என்றார்.

ஊர் ஜோசியர் பழைய பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்குப் பார்த்து, விஷு வருடம், மாசி மாதம், வளர்பிறை அஷ்டமி என்று எழுதிக் கொடுத்தார். 2020 மாசியில் அந்தத் திதி வந்தது. பென்சிலில் தேய்த்தெடுத்த தாளைச் சட்டம் போட்டுக் கொள்ளுப்பாட்டியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். வடை, பாயசம், வாழைக்காய்ப் பொரியல் என்று எல்லாம் இலையில் பரிமாறிய பிறகு, ஆயா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு அந்த நட்சத்திரத்தையும் வைத்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், தாளில் இருந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டி, "இதுல எது அப்பா பேரு, முழுசுமா?" என்று கேட்டார். முழுவதும் அவர் பெயர்தான் என்றேன். கற்பூரத்தை ஏற்றிவிட்டு, எழுபத்தெட்டு வயதில் வாழ்க்கையில் முதல்முறையாக, "அப்பா, வந்து சாப்பிடுப்பா" என்று கூப்பிட்டார்.